பெரிய ஜீப்பும் தார் வீதியும்: நான்கு சில்லு இழுவை உண்மையில் என்ன செய்கிறது?

கோண்டாவிலில் என் சின்னம்மாவின் வீட்டு முற்றம் சீமெந்து போட்டது. ஒரு மாலை நான் அங்கே போனபோது அந்த முற்றத்தில் கறுப்பாக இரண்டு வளைகோடுகள் புதிதாக விழுந்திருந்தன. சின்னம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறையானவன், அன்றுதான் ஒரு பழைய பெரிய ஜீப்பை வாங்கிக் கொண்டுவந்திருந்தான். வவுனியாவிலிருந்து வீடுவரை நான்கு சில்லு இழுவையைப் போட்டபடியே ஓட்டிவந்திருக்கிறான்.

"அண்ணை, ஃபோர் வீல் போட்டால் வீதியைக் கவ்விக்கொண்டு ஓடும் என்று விற்றவர் சொன்னார். திருப்பும்போது ஸ்டியரிங் கல்லுப்போல இருக்கிறதே" என்றான்.

முற்றத்தில் ஒருமுறை திருப்பிக் காட்டச் சொன்னேன். டயர்கள் உருளாமல் சீமெந்தில் உரசி இழுபட்டன. வாகனம் துள்ளித் துள்ளி நகர்ந்தது. இழுவைக் கம்பியை இரு சில்லுக்கு மாற்றப் பார்த்தான். அது அசைய மறுத்தது. நேராகப் பின்னோக்கி ஐந்தாறு அடி எடுக்கச் சொன்னேன். அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கம்பி விரலுக்கு இளகிவிட்டது.

வாகனத்தில் பழுது ஒன்றும் இல்லை. காய்ந்த தரையில் போடக்கூடாத ஒன்றை நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் போட்டுக்கொண்டு வந்ததுதான் பிழை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. நான்கு சில்லும் இழுத்தால் வீதியில் பாதுகாப்பு, உயரமாக இருந்தால் பலம், பாரமாக இருந்தால் சொகுசு என்று நம்மிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அந்தப் பேச்சை நம்பிப் பலர் பெருந்தொகை கொடுத்து வாகனம் வாங்குகிறார்கள். பிறகு முடக்குக்கு முடக்கு பயந்துகொண்டு ஓட்டுகிறார்கள். பெரிய ஜீப் ஒன்றை விருப்பத்தோடு ஓட்டுவதா, சகித்துக்கொண்டு ஓட்டுவதா என்பதை முடிவுசெய்யும் சங்கதிகள் வேறு. அவற்றை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரே பெயர், இரண்டு உடல்

உயரமாக, சதுரமாக இருந்து, பின்கதவில் உபரிச் சில்லும் தொங்கினால் நமக்கு அது ஜீப். 1941 இல் அமெரிக்க இராணுவத்துக்காகத் தயாரிக்கத் தொடங்கிய ஒரு சிறு வாகனத்தின் பெயர் இன்று பிராடோ, மொன்டேரோ, டிஃபென்டர், எக்ஸ்-ட்ரெயில் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அவை எல்லாம் ஒரே இனம்போலத்தான் தெரியும். அடியில் குனிந்து பார்த்தால் இரண்டு இனம்.

முதலாவது இனத்துக்கு மாட்டு வண்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். பாரத்தைச் சுமப்பது கீழேயுள்ள சட்டம். மேலே கூடாரம் போட்டாலும் கழற்றினாலும் வண்டில் ஓடும். பெரிய ஜீப்புகள் பலவற்றில் ஏணிபோன்ற ஓர் இரும்புச் சட்டம் அடியில் படுத்திருக்கிறது: நீளவாட்டில் இரண்டு தடித்த உத்திரங்கள், குறுக்கே சில இணைப்புகள். இதுதான் ஏணிச் சேஸி. ஆட்கள் இருக்கும் கூடு அதன்மேல் ரப்பர் கட்டைகள் வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். லொறி இப்படித்தான் செய்யப்படுகிறது. ஹைலக்ஸ், பிராடோ, லாண்ட் குரூசர், சின்ன ஜிம்னி எல்லாம் இந்த வகை.

இரண்டாவது இனத்துக்குப் பிஸ்கட் டின். மூடியைத் திறந்து இரு கைகளாலும் முறுக்கினால் தகரம் வளையும். மூடியை இறுக்கி மூடிவிட்டு முறுக்கிப் பாருங்கள், அசையாது. தகரத்தின் தடிப்பு மாறவில்லை, அது மூடிய பெட்டியாகிவிட்டது, அவ்வளவுதான். தரை, தூண்கள், கூரை எல்லாவற்றையும் ஒன்றாகப் பற்றவைத்து, தனிச் சட்டம் இல்லாமலே பாரத்தைத் தாங்கச் செய்வது ஒற்றை உடற்கூடு. எல்லாக் கார்களும் ஏறத்தாழ இப்படித்தான். சிஆர்-வி, எக்ஸ்-ட்ரெயில் போன்றவையும் இந்த வகை.

பெயரைப் பார்த்து இனத்தைச் சொல்ல முடியாது. பழைய டிஃபென்டர், 2016 ஜனவரியில் தயாரிப்பு நிற்கும்வரை, ஏணிச் சேஸியில்தான் வந்தது. 2020 இல் விற்பனைக்கு வந்த புதிய டிஃபென்டர் அலுமினிய ஒற்றை உடற்கூடு. மொன்டேரோ என்று நாம் சொல்லும் பெரிய பஜிரோ 1999 இல் மூன்றாம் தலைமுறைக்கு வந்தபோது தனிச் சேஸியைக் கைவிட்டு, சட்டத்தை உடற்கூட்டுக்குள்ளேயே அடக்கிக்கொண்டது. மொன்டேரோ ஸ்போர்ட் என்பதோ ஏணிச் சேஸி வாகனம். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஓட்டும்போது இரண்டும் இரண்டு உலகம்.

ஏணிச் சேஸி முரட்டு நிலத்தைத் தாங்கும், பாரம் இழுக்கும், அடிபட்டால் திருத்தலாம். ஆனால் அது கனம் கூடியது. கூடும் சேஸியும் தனித்தனியாக அசைவதால் கிடங்கில் விழும்போது ஒரு நடுக்கம் கடைசியில் வந்து சேரும். ஒற்றை உடற்கூடு இறுக்கமானது, அதனால் ஸ்டியரிங் சொன்னவுடன் கேட்கும். தார் வீதியில் ஓட்டுவதற்கு மட்டும் என்றால் இரண்டாவதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அணிநடையும் டிஃபரன்ஷியலும்

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடை பார்த்திருப்பீர்கள். வரிசை மூலையில் திரும்பும்போது உள்பக்கத்துப் பிள்ளை நின்ற இடத்திலேயே காலை மாற்றுவார். வெளிப்பக்கத்துப் பிள்ளை எட்டி எட்டி நடக்கவேண்டும். எல்லோரும் ஒரே அளவு அடி வைத்தால் வரிசை உடைந்துவிடும்.

சில்லுகளுக்கும் இதே கதைதான். இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடைவெளி 1.6 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சந்தியில் செங்குத்தாகத் திரும்பினால் வெளிச்சில்லு உள்சில்லைவிட ஏறக்குறைய 2.5 மீற்றர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சிறிதோ பெரிதோ, இந்தக் கணக்கு மாறாது. இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் ஒன்று உருள மற்றது தேயவேண்டும். இயந்திரத்தின் பலத்தை இரண்டு சில்லுக்கும் கொடுத்துக்கொண்டே, அவை வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் இடம் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். எந்தக் காரிலும் இது ஒன்று இருக்கும்.

பலரும் கவனிக்காத இடம் அடுத்தது. திரும்பும்போது முன்சில்லுகள் பெரிய வட்டத்திலும் பின்சில்லுகள் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. நீளமான லொறியின் பின்சில்லு ஒழுங்கை முடக்கில் மதிலை உரசுவது இதனால்தான். ஆகவே முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலும் வேக வித்தியாசம் உண்டு. பின்னச்சு மட்டும் இழுத்தால் பிரச்சினை இல்லை, முன்சில்லுகள் தம் பாட்டில் உருளும். இரண்டு அச்சையும் ஒன்றாகப் பூட்டினால் அந்த வித்தியாசம் எங்கே போவது? மணலில், சேற்றில் என்றால் டயர் சிறிது வழுக்கி அதைத் தீர்த்துவிடும். காய்ந்த தாரில், சீமெந்தில் வழுக்க இடமில்லை. தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கேறி நிற்கும். சின்னம்மாவின் முற்றத்துக் கறுப்புக் கோடும், அசையாத கம்பியும், பின்னோக்கி எடுத்தபோது கேட்ட ‘டொக்’கும் அந்த முறுக்குத்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: திரும்பும் வாகனத்தில் நான்கு சில்லும் நான்கு வேகத்தில் ஓடும். அச்சுக்குள் இருக்கும் வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் தீர்க்கிறது. அச்சுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை யார் தீர்க்கிறார் என்பதுதான் ஒரு ஜீப்பை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது.

நான்கு சில்லு இழுவையில் மூன்று வகை

முதலாவது பகுதிநேர இழுவை. சாதாரணமாகப் பின்சில்லு மட்டும் இழுக்கும். கம்பியையோ பொத்தானையோ மாற்றினால் முன்னச்சும் பின்னச்சும் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஹைலக்ஸ், ஜிம்னி இந்த வகை. தம்பி வாங்கியதும் இதுதான். இந்த வகை வாகனம் தார் வீதியில் எப்போதும் இரு சில்லு வாகனமே. அதை அப்படியே விடவேண்டும். மழைக்காலத்தில் தாளையடிப் பக்கத்து மணல் பாதையிலோ வயல்வெளியிலோ இறங்கும்போது பூட்டலாம். ஏறியவுடன் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது முழுநேர இழுவை. நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும், ஏனெனில் இரண்டு அச்சுக்கும் நடுவில் மூன்றாவது டிஃபரன்ஷியல் ஒன்று இருக்கிறது. 1970 இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர் இதை வைத்துக்கொண்டுதான் பண்ணை வாகனத்தையும் சொகுசு வாகனத்தையும் ஒன்றாக்கிக் காட்டியது. பிராடோவின் 120, 150 வரிசைகள் பொதுவாக இந்த வகை. பழைய டிஃபென்டரும் இதுவே. பெரிய மொன்டேரோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரு சில்லில் ஓடலாம், நடு டிஃபரன்ஷியல் திறந்த நிலையில் நான்கு சில்லிலும் ஓடலாம், வேண்டுமானால் அதைப் பூட்டியும் ஓடலாம். மழை பெய்யும் தார் வீதியில் தயக்கமில்லாமல் நான்கு சில்லில் போகக்கூடியவை இவைதாம்.

மூன்றாவது தேவைக்கேற்ற இழுவை. சாதாரணமாக முன்சில்லுகள் இழுக்கும். அவை வழுக்கத் தொடங்குவதைக் கணினி உணர்ந்தால் பின்னச்சுக்கும் கொஞ்சம் பலம் அனுப்பும். சிஆர்-வி, எக்ஸ்-ட்ரெயில் போன்றவை இப்படி. சாரதி எதையும் தொடவேண்டியதில்லை. வீதிக்கு இது நிறையப் போதும். ஆழமான மணலுக்குப் போதாது.

டிஃபரன்ஷியலைப் ‘பூட்டுவது’ என்றால் என்ன? தோட்டத்துக்குத் தண்ணீர் மாறியவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் தண்ணீர் பள்ளமான பக்கம்தான் ஓடும். மேட்டுப் பாத்திக்கு வேண்டுமென்றால் மண்வெட்டியால் மண்ணைப் போட்டு மறித்துக் கட்டவேண்டும். டிஃபரன்ஷியலும் அப்படியே. ஒரு சில்லு சேற்றில் இருந்தால் அது சும்மா சுழலும், காய்ந்த நிலத்தில் நிற்கும் சில்லு அசையாமல் நிற்கும். பூட்டு என்பது அந்த மறித்துக் கட்டல். சேற்றில் இறங்கும்போது கட்டி, வெளியே வந்ததும் வெட்டிவிட வேண்டும்.

லோ கியர் என்று சொல்வது இழுவையைப் பிரிக்கும் பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு பற்சக்கரச் சோடி. வேகத்தைக் குறைத்துப் பலத்தைப் பெருக்கும். படகைத் தண்ணீரிலிருந்து இழுக்கவும், புதைந்த உழவு இயந்திரத்தை மீட்கவும் அது வேண்டும். யாழ்ப்பாண நகரத்துக்குள் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தேவைப்படாது.

அது செய்யாத இரண்டு வேலைகள்

நான்கு சில்லு இழுவை, பெயரே சொல்வதுபோல, இழுப்பதற்கானது. நிறுத்துவதற்கு அல்ல. பிரேக் எந்தக் காரிலும் நான்கு சில்லுக்கும்தான் பிடிக்கிறது. ஜீப்புக்கு ஐந்தாவது பிரேக் எதுவும் இல்லை. ஈர வீதியில் சுலபமாக வேகம் எடுக்க முடிவதால், ‘நல்ல பிடிப்பு இருக்கிறது’ என்று சாரதிக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. அந்த நம்பிக்கை பிரேக்கை மிதிக்கும்போதுதான் பொய்க்கும்.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைத்திருங்கள். வாகனம் சுமக்கும் ஓட்டச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மணிக்கு 70 கிலோமீற்றரில் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு 100 இல் தேவை. கட்டடங்கள் நெருங்காத வீதிகளில் காருக்கு 70 என்று சட்டம் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. பிராடோ இரண்டு டன்னைத் தாண்டும்; சிறிய கார் ஒன்று ஒரு டன் அளவில் நிற்கும். அதே வேகத்தில் இரண்டு மடங்கு சூட்டை ஜீப்பின் பிரேக் விழுங்கவேண்டியிருக்கிறது.

முடக்கிலும் அப்படித்தான். வளைவுக்குள் நுழையும்போது வாகனத்தைப் பிடித்து வைத்திருப்பது டயர் மட்டுமே. எத்தனை சில்லு இழுக்கிறது என்பது வளைவை விட்டு வெளியேறும்போது, வேகம் எடுக்கும் நேரத்தில்தான் பேசும்.

உயரத்துக்குக் கொடுக்கும் விலை

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பலாம். தலையில் வைத்துக்கொண்டு திரும்பினால் கழுத்து முதலில் தயங்கும். குடம் அதே குடம், தண்ணீர் அதே தண்ணீர். பாரம் இருக்கும் உயரம்தான் வித்தியாசம்.

ஒரு பொருளின் பாரம் முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக எடுத்துக்கொண்டால் அந்தப் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். வாகனத்தின் சில்லிடைவெளியில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண், அது எவ்வளவு எளிதில் சரியும் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல். எண் பெரிதானால் வாகனம் நிலைத்து நிற்கும். கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3 க்கும் 1.5 க்கும் இடையில் வரும். உயரமான ஜீப் வகைகளுக்கு 1.0 க்கும் 1.3 க்கும் இடையில். பார்க்கச் சின்ன வித்தியாசம். வீதியில் ஒரு நாய் குறுக்கே ஓடி, நீங்கள் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக வெட்டும் அந்த இரண்டு விநாடியில் அது சின்ன வித்தியாசமாக இருக்காது.

வாங்கியவுடன் வாகனத்தை இன்னும் இரண்டு அங்குலம் உயர்த்துபவர்களையும், கூரையில் இரும்புத் தட்டுப் போட்டு அதன்மேல் மூட்டைகளை ஏற்றுபவர்களையும் நான் கெஞ்சிக் கேட்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பாரத்தைக் கீழே, பின்னச்சுக்கு முன்னால் வையுங்கள்.

இந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்யும் ஒரு சாதனம் இருக்கிறது. வாகனம் சாரதி திருப்பிய திசையை விட்டு வழுக்கத் தொடங்கினால், கணினி தனியொரு சில்லின் பிரேக்கை மட்டும் பிடித்து அதை நேராக்கும். எலெக்ட்ரோனிக் நிலைப்புக் கட்டுப்பாடு என்பது இதன் பெயர். பெரிய, உயரமான வாகனம் வாங்கும் எவரும் இது இருக்கிறதா என்று கேட்கவேண்டும். தோல் இருக்கை, பெரிய திரை, கூரைக் கண்ணாடி எல்லாம் அதற்குப் பிறகு.

உயரத்துக்கு இன்னொரு விலை காற்று. சோளகம் வீசும் மாதங்களில் வல்லை வெளியிலோ புங்குடுதீவுத் தாம்போதியிலோ ஓட்டியவர்களுக்குத் தெரியும், பக்கவாட்டுக் காற்று ஜீப்பின் தட்டையான பக்கத்தைப் பாய்போல எண்ணித் தள்ளும். நல்ல வாகனம் ஒருமுறை அசைந்து தன் வழிக்கு வரும். தேய்ந்த வாகனத்தில் கை ஓயாமல் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

வில்லும் அதை அடக்குபவனும்

கிடங்கில் சில்லு இறங்கும்போது வில் சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் வில் தனியாக இருந்தால் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை எண்ணெய்க்குள் ஒரு முசலத்தை நகர்த்தி அடக்குவது ஷொக் அப்சோபர். பெயர் அதிர்ச்சியை விழுங்குவதாகச் சொன்னாலும், உண்மையில் அது அடக்குவது வில்லை. ‘மெதுவாக இருக்கிறது, நல்ல சொகுசு’ என்று பலர் சொல்வது அநேகமாகத் தேய்ந்த ஷொக் அப்சோபரைத்தான். முதல் கிடங்கில் மெத்தைபோல இருக்கும். மூன்றாவது கிடங்கில் வாந்தி வரும்.

அடுத்தது அச்சு. சில ஜீப்புகளில் இடது சில்லையும் வலது சில்லையும் ஒரே கனத்த இரும்புக் குழாய் இணைக்கிறது. இது விறைப்பு அச்சு. ஒரு சில்லு கல்லில் ஏறினால் மற்றதும் சாயும். மலைப்பாறைகளில் இதற்கு நிகரில்லை. தார் வீதியில் கதை வேறு. கனமான சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடுபவரைப் பாருங்கள், ஒவ்வோர் அடிக்கும் காலைத் தூக்கி வைப்பதிலேயே அவருடைய பாதிப் பலம் போய்விடும். வில்லுக்குக் கீழே தொங்கும் கனமும் அப்படித்தான் வாகனத்தைக் களைக்கவைக்கிறது. ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பைத் தனிநிலைத் தொங்கல் என்பார்கள். ஜிம்னியில் முன்னும் பின்னும் விறைப்பு அச்சு. பிராடோவின் 120, 150 வரிசைகளில் முன்பக்கம் தனிநிலை, பின்பக்கம் சுருள்வில்லோடு விறைப்பு அச்சு. 1999 க்குப் பிந்திய பெரிய மொன்டேரோவிலும் புதிய டிஃபென்டரிலும் நான்கு பக்கமும் தனிநிலை.

கோண்டாவில், கொக்குவில், இணுவில் எங்கும் புகையிரதக் கடவைகள் இருக்கின்றன. ஒரு கடவையைச் சற்றுச் சாய்வாக, மெதுவாகக் கடந்து பாருங்கள். விறைப்பு அச்சு வாகனம் பின்புறத்தை ஒருமுறை பக்கவாட்டில் ஆட்டும். தனிநிலை வாகனத்தில் சத்தம் மட்டும் கேட்கும்.

சுருக்கமாக: உயரமும் கனமும் பெரிய ஜீப்பின் பிறவிக் குணங்கள், மாற்ற முடியாது. உடற்கூடு, தொங்கல், ஷொக் அப்சோபர், நிலைப்புக் கட்டுப்பாடு ஆகிய நான்கும் சேர்ந்து அந்தக் குணங்களை எவ்வளவு நன்றாகச் சமாளிக்கின்றன என்பதில்தான் ஓட்டும் இன்பம் இருக்கிறது. நான்கு சில்லு இழுவை இந்தப் பட்டியலில் கடைசியில் வருகிறது.

டயரும் ஸ்டியரிங்கும்

மேலே சொன்ன அத்தனையும் வீதியைத் தொடுவது உள்ளங்கை அகலமான நான்கு ரப்பர்த் துண்டுகளில். ஜீப் டயர்கள் மூன்று வகை: வீதிக்கான எச்டி, கலப்பு நிலத்துக்கான ஏடி, சேற்றுக்கான எம்டி. பெரிய பெரிய கட்டைகள் வைத்த சேற்று டயர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். தார் வீதியில் அது இரையும், ஈரத்தில் பிடிப்புக் குறையும், ஸ்டியரிங் மந்தமாகும். கிறவல் ஒழுங்கைக்குக்கூட எச்டி டயரே போதும். மாதம் ஓரிரு முறை வயலுக்கோ கடற்கரைக்கோ போவீர்கள் என்றால் ஏடி. காற்றழுத்தம் சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருக்கிறது. டயர்க் கடைக்காரர் கண்ணால் மதிப்பிடுவதைவிட அதை நம்புங்கள்.

ஸ்டியரிங்கில் பார்க்கவேண்டியது நடுவிலுள்ள தளர்ச்சி. சக்கரத்தை இரண்டு விரல் அகலம் அசைத்தும் வாகனம் எதுவும் செய்யவில்லை என்றால், ஒன்றில் அது பழைய ஸ்டியரிங் பெட்டி வகை, அல்லது மூட்டுகள் தேய்ந்துவிட்டன. திரும்பும் ஆரத்தையும் கேளுங்கள். பிராடோ 150 க்கு 5.8 மீற்றர், ஜிம்னிக்கு 4.9 மீற்றர். நல்லூரைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் இருபக்கமும் மதிலும் நடுவில் மதகும் இருக்கும்போது, அந்த 90 சென்றிமீற்றர் ஒருமுறையில் திரும்புவதா, மூன்றுமுறை முன்னும் பின்னும் எடுப்பதா என்பதை முடிவுசெய்துவிடும்.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கனமான வாகனத்துக்குக் குறைந்த சுழற்சியிலேயே பலம் தரும் டீசல் பொருந்தும். சத்தமும் நடுக்கமும் பிடிக்காதவர்களுக்குப் பெற்றோல்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இயந்திரக் கொள்ளளவு கூடக்கூட வரியும் ஏறுவதால் பெரிய ஜீப் வாங்கும் நம்மவர்களில் பலர் பழையதைத்தான் வாங்குகிறோம். பதினைந்து, இருபது வயதான வாகனத்தில் அது பிறந்தபோது எப்படி ஓடியது என்ற பெருமைக்கு மதிப்பில்லை. ரப்பர் புஷ்களும் ஷொக் அப்சோபர்களும் இன்று எப்படி இருக்கின்றன என்பதே கேள்வி. கராஜில் தூக்கிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஏ9 வீதியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதும் போதாது. வவுனியாவுக்கு வடக்கே அது பெரும்பாலும் நேர்கோடு. நேர்கோட்டில் எந்த வாகனமும் நல்ல பிள்ளை. ஒழுங்கை முடக்கு ஒன்று, புகையிரதக் கடவை ஒன்று, காற்று வீசும் வெளி ஒன்று, இடையில் கிடங்கு விழுந்த ஒரு துண்டு வீதி, எல்லாம் ஒரே ஓட்டத்தில் வரவேண்டும். காய்ந்த முற்றத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். முழுநேர இழுவை என்று சொன்ன வாகனம் துள்ளினால் நடு டிஃபரன்ஷியல் பூட்டியபடி இறுகிப்போயிருக்கலாம். முன்னாலும் பின்னாலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போங்கள். வெறும் வாகனமும் ஐந்து பேர் ஏறிய வாகனமும் ஒன்றுபோல ஓடுவதில்லை.

தம்பி அந்த ஜீப்பை ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு, பரந்தனில் வயல் செய்யும் ஒருவருக்கு விற்றான். அது போகவேண்டிய இடமும் அதுதான். பிறகு இரண்டு வாகனங்களைப் பார்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். ஒன்று ஏணிச் சேஸியில் உயரமாக நின்றது. மற்றது பழைய பெரிய மொன்டேரோ. இரண்டு வெள்ளிக்கிழமைகளில், ஒவ்வொன்றாக, சின்னம்மாவைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு சந்நிதி கோயிலுக்குப் போனோம். போகும் வழியில் வல்லை வெளி வரும்.

முதல் வெள்ளி, சின்னம்மா போகும்போதும் வரும்போதும் ஜன்னலுக்கு மேலுள்ள கைப்பிடியை விடவில்லை. கேட்டதற்கு, "ஒன்றுமில்லை, நீ பார்த்து ஓட்டு" என்றார். இரண்டாம் வெள்ளி திரும்பி வரும்போது வல்லையில் காற்று பலமாக வீசியது. கண்ணாடியில் பார்த்தேன். மடியில் அருச்சனைத் தட்டு, ஒரு கையில் வாழைப்பழம். மற்றக் கையால் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

தம்பியும் கண்ணாடியைப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் விற்பவருக்குத் தொலைபேசி எடுத்தான்.